கொழுந்தனார் பெயர் விழுந்த கிறிஸ்மா சீட்டு

மூன்று வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் என் மாமியார் வீட்டில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் வருஷா வருஷம் கிறிஸ்மா சீட்டுக் குலுக்குவோம். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு தர வேண்டும். கடையில் வாங்கக் கூடாது, கையால்தான் செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் என் கொழுந்தனார் இறந்துபோனார். விடியற்காலை சுண்ணாம்புக்கல் சுரங்க வேலைக்குப் பைக்கில் போனவர், லாரி மோதி அங்கேயே போய்விட்டார். கல்யாணம்கூட ஆகவில்லை. துக்க வீடு என்று வாசலில் ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. ஆனாலும் சீட்டு மட்டும் போட்டே ஆக வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றார். அவரே எழுதினார்.

என் சீட்டைப் பிரித்தேன். கொழுந்தனார் பெயர்.

பாவம், அத்தை பழக்கத்தில் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். சொன்னால் மனசு உடைந்துபோவார். சும்மாவே ஓயாத வாய் எனக்கு, அன்றைக்குக் கப்சிப். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பெரம்பலூருக்குத் திரும்பியதும் கம்பளி நூல் வாங்கினேன். பனியில் வேலைக்குப் போக ஒரு குல்லா பின்னித் தரச் சொல்லி வருஷா வருஷம் கேட்பார் அந்த மனுஷன். "ஒங்க சீட்டு எனக்கு வரட்டும், பாப்போம் தம்பி" என்று கிண்டல் செய்வேன். வந்தேவிட்டது. யார் போடப் போகிறார்கள் என்று அளவுகூடப் பார்க்காமல், அழுதுகொண்டே ஏதோ பின்னி முடித்தேன். யாரிடமும் காட்டுகிற எண்ணம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அரியலூர் கிளம்பும்போது எதற்கோ பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பரிசுகளைக் கொடுத்தோம். அத்தை கை மட்டும் காலியாக இருந்தது. அம்மா சீட்டு யாரிடம் என்று நாத்தனார் கேட்டாள்.

"எம்பேர நான் எழுதல. எனக்குப் பதிலா தம்பி பேரப் போட்டேன். யாருகிட்ட இருக்கு?" என்றார் அத்தை.

தூக்கிவாரிப் போட்டது. பழக்கமும் இல்லை, மறதியும் இல்லை. தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். பையிலிருந்து குல்லாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, இரண்டு கையையும் உள்ளே விட்டு விரித்துப் பார்த்தார்.

"இது பத்தாதும்மா. அவனுக்குத் தலை பெருசு."

மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அத்தை அழவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பிரித்துத் திரும்பப் பின்னித் தருகிறேன் என்றேன். அப்போதே பிரிக்க உட்கார்ந்தோம். நான் நூலை இழுக்க இழுக்க, அவர் உருண்டையாகச் சுற்றிக்கொண்டே வந்தார். எவ்வளவு பெரிது என்று கேட்டபோது, காற்றில் இரண்டு கையையும் வளைத்து, சட்டென்று அளவு காட்டினார். அந்தக் கைகளுக்கு நடுவே கொழுந்தனார் முகம் எனக்கு அப்படியே தெரிந்தது. ஐயோ என்று வாய்விட்டு அழுதது நான்தான்.

போனவர்களுக்கு இனிமேல் என்ன வேண்டியிருக்கிறது என்று யாராவது பேசினால், சரியான அளவு வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு வாய்வரை வந்துவிடுகிறது.