சம்பந்திகள் குடியிருக்கும் கீழ்வீடு

என் அப்பா ஹோசூருக்கு வரும்போதெல்லாம் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து வருவார். வந்ததும் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எங்கள் டிவிக்குப் பக்கத்தில் வைப்பார். இரண்டு நாளைக்கு மேல் தங்கமாட்டேன் என்பதற்கான அறிவிப்பு அது. "மக வீட்டுக்கு வரலாம், போகலாம். ஒக்காந்து சாப்பிடக் கூடாது தாயி" என்பார். சாத்தூர்ப் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு அங்கே தனியாகத்தான் இருந்தார். நான் ஒரே மகள்.

என் மாமனார் எங்களோடு இருந்தார். பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்தவர். அத்தை காலமானதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனிடம் வந்துவிட்டார். மகன் வீட்டில் தகப்பன் இருப்பதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மகள் வீட்டில் இருந்தால் மட்டும் கேட்பார்கள். எனக்கு இது எப்போதும் எரிச்சலாகவே இருந்தது.

போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நானும் கணவரும் போய்ப் பிடிவாதமாக அழைத்துவந்தோம். கட்டுப் போட்டிருந்தவரை வேறு வழியில்லாமல் இருந்தார். கட்டுப் பிரித்த அன்றே பையை எடுத்து வைத்துக்கொண்டு துணி மடிக்கத் தொடங்கினார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு தையற்கடை இருந்து காலியாகியிருந்தது. வீட்டுக்காரரிடம் தெலுங்கில் பேசி அதைத் தன் பெயரில் பிடித்துவிட்டு, சாவியோடு மேலே வந்தார்.

"சம்பந்தி, நான் கீழ குடி போறங்க. ஆனா எனக்கு ஒண்டியா சமைக்க வராது. கூட ஒரு ஆளு வேணும். வர்றீங்களா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அது யார் வீடு?"

"என் வீடுங்க. உங்க மக அங்க விருந்தாளியாத்தான் வரணும்."

அப்பா மடித்த வேட்டியைப் பையில் வைக்காமல் கட்டிலில் வைத்தார். பிறகு, "அப்ப சமையல் என் பொறுப்பு" என்றார்.

அந்தக் குடித்தனம் அமைதியாகத் தொடங்கியது என்று சொல்லமுடியாது. மாமனாருக்கு மதியம் கேழ்வரகுக் களி வேண்டும். அப்பாவுக்குக் களி தொண்டையில் இறங்காது. அப்பா ஹோசூர்க் குளிருக்கு ஜன்னலைச் சாத்துவார்; மாமனார் காற்று வேண்டுமென்று திறப்பார். நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்த வாக்குவாதம் படியேறிக் கேட்கும். ஆனாலும் மாலையில் இருவரும் ஒன்றாகவே கறிகாய் வாங்கப் போவார்கள்.

சேதி பாரூருக்கு வேறுவிதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து என் நாத்தனார், கணவரின் அக்கா, நேராகக் கீழ்வீட்டு வாசலில் வந்து நின்றார். என் கணவர் ஷிப்டில் இருந்தார். நான் சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன்.

"எங்கப்பனக் கீழ எறக்கிட்டு உங்கப்பனுக்கு எடம் பண்ணியிருக்கறியா? ஊரே சிரிக்குது."

அப்பா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளறையில் தன் பையைத் தேடுவது தெரிந்தது. மாமனார் அவரைத் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, மகளை உட்காரச் சொன்னார்.

"யாரும் எறக்கலம்மா, நானா வந்தேன். மேல இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா டிவி மட்டுந்தான் பேசும். உங்கம்மா போனதுலருந்து பகல்ல என்கிட்ட யாரும் ஒரு வார்த்த பேசுனதில்ல. இங்க சண்ட போடறதுக்காச்சும் ஆளு இருக்குது."

அப்பாவின் மானத்தைக் காப்பாற்றவே மாமனார் இறங்கிவந்தார் என்று அதுவரை நினைத்திருந்தேன். மாடியில் ஒரு மனிதர் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தது என் கண்ணில் பட்டதே இல்லை.

அப்பா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மாமனார் கிண்டிய களி, அப்பா வைத்த கருவாட்டுக் குழம்பு. நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தார். பாதியில், "கொழம்பு யாரு வெச்சது?" என்று கேட்டு, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். போகும்போது தூக்குப்பாத்திரத்திலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

இப்போது ஞாயிறுதோறும் எங்களுக்குச் சாப்பாடு கீழேதான். அம்மாவோடு முடிந்துபோனதாக நினைத்த பிறந்த வீடு, எனக்கு ஹோசூரில், மாமனார் பெயரில் கிடைத்திருக்கிறது.

இந்தப் பொங்கலன்று காலை படியில் பேச்சுக்குரல் கேட்டது. அப்பா புது வேட்டியில், பித்தளைப் பானையும் மஞ்சள் கொத்துமாக எனக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்துகொண்டிருந்தார். பின்னால் மாமனார், பாரூரிலிருந்து வரவழைத்த கரும்பைத் தோளில் சாய்த்தபடி. பாதிப் படியில் அப்பா நின்றுவிட்டார்.

"சம்பந்தி, நீங்க என்கூட வந்தா மாப்ள வீட்டுல சீர வாங்குறதுக்குப் பெரியவுக யாரு இருக்கா?"

மாமனார் கரும்பை அப்பாவின் தோளில் சாய்த்துவிட்டு, அவரைத் தாண்டி மூச்சு வாங்க மேலே ஏறிவந்தார். எங்கள் வாசலில் நின்று துண்டைச் சரிசெய்துகொண்டு, அப்போதுதான் பார்ப்பவர்போலக் கைகூப்பினார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. பிரயாணமெல்லாம் எப்படிங்க?"

"வழி ரொம்ப தூரம் சம்பந்தி" என்றார் அப்பா. "முட்டிதான் கொஞ்சம் வலிக்குது."