கன்னத்துக்காக உறையவைத்த கொழுப்பு

என் தங்கையின் கன்னத்தை அவள் கணவன் கிழித்தது, தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடாவால். ஒரு சாணுக்கு மேல் நீளமான மரம், இரு முனையிலும் இரும்புக் கூர். முள்ளிப்பட்டில் அவர்கள் வீட்டுக்குப் பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்தவன், தறிமேல் சரிந்து பாவு நூலை அறுத்தான். "கண்ணு தெரியலியா?" என்று தங்கை கேட்டாள். கைக்கு எட்டிய நாடாவை எடுத்து முகத்தில் குத்தினான். முதல் குத்திலேயே கன்னம் துளைபட்டுக் கடைவாய்ப் பல் உடைந்தது. அதற்குப் பிறகு நடந்தது அவளுக்கு நினைவில்லை.

ஆரணியிலிருந்து பல வருடங்கள் பத்திரிகைக்குக் குற்றச் செய்தி அனுப்பியவள் நான். இப்படிப்பட்டவற்றை 'குடும்பத் தகராறு' என்றுதான் போடுவார்கள். தகராறு என்றால் இருவரும் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் சட்டையில் இருந்த ரத்தமும் அவளுடையதுதான்.

போலீஸ் எடுத்த புகைப்படத்தில் தையல் போட்ட வீங்கிய முகம் இருக்கிறது. பள்ளம் இல்லை. பள்ளம் பிறகு வந்தது. காயம் சீழ் பிடித்து, அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். ஆறியபோது தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் உதடு மூடாது. தண்ணீர் குடித்தால் வழியும்.

வேலூரில் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவர் வழி சொன்னார். அவள் வயிற்றிலிருந்தே கொழுப்பை உறிஞ்சி எடுத்து, ஒட்டிய தழும்பை ஊசியால் பிரித்து, பள்ளத்தில் நிரப்புவது. ஒரே தடவையில் நிரம்பாது; வைத்ததில் ஒரு பங்கு கரைந்துவிடும். என் தங்கை ஒல்லி. திரும்பத் திரும்ப எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லை. அதனால் ஒரே முறை எடுத்து, கொஞ்சம் கன்னத்தில் வைத்துவிட்டு, மீதியை அடுத்த முறைக்காக மருத்துவமனையிலேயே உறையவைத்தார்கள்.

செய்தி அவன் வீட்டுக்கு எட்டியது. அவனுடைய அண்ணன், தங்கை வந்து தங்கியிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜாமீனில் வந்திருந்தவன் தெருவில் பைக்கில் சாய்ந்து நின்றான்.

"உன் சதைய ஐஸ்பெட்டில வச்சிகினு கீறாங்களாமே? குச்சி ஐஸ் மாரி!" என்று தங்கையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "அதான் கன்னம் ரொம்பிகினு வருதேம்மா. முன்ன மாரியே ஆயிடும். அப்புறம் எதுக்கு கேஸு, பேஜாரு? வாபஸ் வாங்கிடு."

தங்கை அவரையே பார்த்தாள். "அப்டின்னா ரொப்பிக்கல மாமா. கோர்ட்டுல ஜட்ஜு பாக்கற வரைக்கும் இப்டியே இருக்கட்டும்."

தெருவில் நின்றவனுக்கு அது கேட்டது. செருப்போடு உள்ளே வந்தான். "இந்த ஓட்டையதான காட்டப்போற?" என்று அவள் தாடையைப் பிடித்து, கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். புதிதாக ஆறியிருந்த தோல் பிய்ந்தது. நான் பக்கத்திலிருந்த குக்கர் மூடியால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். விடவில்லை. மறுபடி அடித்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டுக்காரர்கள் அவனைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அண்ணன் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அவனுடைய ஜாமீன் ரத்தானது.

நாங்கள் வேலூருக்குப் போனோம். புண் ஆறியதும் மீதிக் கொழுப்பை வைக்கலாம் என்றார் மருத்துவர். வழக்கு முடியட்டும் என்றாள் தங்கை.

"உறையவச்சது இருக்கும்மா. ஆனா எடுத்து உருக்கினா எவ்வளவு உயிரோட இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. அதுக்குள்ள தழும்பும் இறுகிடும். இப்ப வச்சா வாய் மூடுற அளவுக்கு அப்போ வச்சா மூடாம போகலாம்."

"நான் நல்லா போட்டோ எடுக்கிறேன்டி, அதைக் காட்டலாம்" என்றேன்.

"போட்டோல எச்சி வழியுமாக்கா?" என்றாள்.

சாட்சிக் கூண்டில் அவள் நின்றபோது எச்சில் துடைக்கும் கைக்குட்டையைக் கொண்டுபோகவில்லை. அவன் தரப்பு வக்கீல் எழுந்தார். சிகிச்சைக்குத் திசு தயாராக இருக்கிறது, அனுதாபம் தேடத்தானே வேண்டுமென்றே தள்ளிப்போட்டீர்கள் என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா, காட்றதுக்குத்தான் வச்சிகினு கீறேன்" என்றாள். "இத பண்ணது அவரு. மூடி வச்சா ஒண்ணுமே ஆவலன்னு சொல்லுவீங்க." எச்சில் தாடையில் இறங்கிப் புடவையில் சொட்டியது. நீதிபதி எழுதுவதை நிறுத்திப் பார்த்தார்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அவன் அண்ணன் நீதிமன்ற வாசலில் காறித் துப்பி, "இப்ப போயி ரொப்பிக்கோ" என்றார்.

அடுத்த வாரமே போனோம். மருத்துவர் பயந்ததுபோலவே தழும்பு இறுகியிருந்தது. பிரிக்கும்போது மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் மீறி அவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். உருக்கியதில் பாதிதான் வைக்கத் தேறியது. உதடு முழுதாக மூடுவது சந்தேகம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கட்டுப் போட்ட கன்னத்தைப் பார்த்து கண்டக்டர் கேட்டார்: "இன்னாம்மா, பல்லு வலியா?"

"இல்லங்க, வயிறு" என்றாள் தங்கை.

அவருக்குப் புரியவில்லை. அவள் சிரிக்கப் பார்த்தாள். ஒரு பக்கம்தான் வந்தது.