களி நான் கிண்டினேன், சாறு சம்பந்தி வைத்தார்

நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. மடியில் பேத்தி கால் உதைக்கிறாள். என்ன உதை! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்களுக்குக் காரிமங்கலம் பக்கம். ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் வயிறு கட்டிக்கொண்டது. வலி பொறுக்காமல் மாத்திரையையே நிறுத்திவிட்டாள். ரத்தம் இன்னும் இறங்கியது.

"இப்படியே போனா தருமபுரிக்கு அனுப்பி ரத்தம் ஏத்த வேண்டி வரும்மா. மாத்திரைய விடக் கூடாது. நார்ச்சத்தா சாப்பிடச் சொல்லுங்க" என்றார் நர்சம்மா.

கேழ்வரகுக்கா எங்கள் வீட்டில் பஞ்சம்? வேளைக்கு வேளை களி கிண்டினேன். என் களியில் ஒரு கட்டி இருக்காது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். களிக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பு வைத்தால் மகளுக்கு அந்த வாசமே ஆகவில்லை. ஊறுகாயைத் தொட்டு முழுங்கினாள். எங்கள் பக்கம் களியை மெல்ல மாட்டோம். மெல்லுகிறவரைப் பார்த்தால் அசலூர் என்று சிரிப்போம். கடைசியில் வயிறு உப்பியதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஓசூர்ப் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மா வந்து இறங்கினார். பேச்சில் பாதி கன்னடம்.

"ஏனுங்க, முத்தேக்கு சாறு எங்கே?" குழம்பைத்தான் சாறு என்கிறார்.

"உங்க ஊருல அது முத்தே. எங்க வூட்டுல களிங்க."

"பேரு எதுவோ இருக்கட்டும். வறட்டுக் களி உள்ள போய் எப்படி நகரும்? மை போடாத வண்டியாட்டம் நிக்குது!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நர்சம்மாவிடம் கேட்டேன்.

"அவங்க சொல்றது சரிதாம்மா. தண்ணி இல்லாம நாரு மட்டும் போனா இறுகிக்கும். கீரை, பருப்பு, துளி நெய் எல்லாம் சேரணும். புளிச்ச மோருல வயித்துக்கு நல்லது பண்ற கிருமி இருக்குது. வயித்துல இருக்கற நல்ல கிருமிக்கு இந்த நாருதான் தீனி. ஆனா மாத்திரைய மோரோட போடாதீங்க. தனியா, எலுமிச்சந் தண்ணியில குடுங்க."

சந்தையில் கீரை வாங்கி வந்தேன். சம்பந்தி பூண்டைத் தட்டிப்போட்டு, பருப்பு இருப்பதே தெரியாமல் கீரையோடு கடைந்து சாறு வைத்தார். களி மட்டும் நான்தான், அதை விட்டுக்கொடுக்கவில்லை. மகள் சாற்றில் முக்கி முக்கிச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பு மோர் குடித்தாள்.

சில நாளில் ஒரு காலை, கக்கூஸிலிருந்து "அம்மா! அத்தே!" என்று சத்தம். பதறி ஓடினோம். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"நல்லா போச்சும்மா!"

சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டார். "இதையுமா எழுதணும்?" என்று மகள் இப்போது முறைக்கிறாள். எழுதுடி!

அதற்குப் பிறகு மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. ரத்தம் ஏறியது. தருமபுரிக்குப் போகாமல் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சுகப்பிரசவம்.

நர்சம்மா குழந்தையோடு வந்து, "ரத்தம் நல்லா ஏறியிருந்துச்சே, என்னம்மா குடுத்தீங்க?" என்றார்.

"களி" என்றேன் நான்.

"சாறு" என்றார் சம்பந்தி.

"சரி, புள்ளைய யாரு மொதல்ல வாங்கறீங்க?"

நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். "சாறு வெச்சவங்க கையில குடுங்கம்மா."

சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. பேத்தி மூக்கு என்னவோ என் மூக்குத்தான்.