தூரத்துப் படகு தெரிகிற கண்

வெள்ளைக்கார நாட்டில் நான் வாழும் லெஸ்டர் நகரத்தில், வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லாமலேயே கண்ணுக்கு அழைப்பு வரும். என்னைப் போன்ற சர்க்கரை நோய்க்காரர்களை மருத்துவமனைக்காரர்களே கூப்பிட்டு, கண்ணுக்குள்ளே பின்சுவர் வரைக்கும் படம் எடுத்து அனுப்புவார்கள். நம் ஊரில் கல்யாணத்துக்கே நேரில் வந்து அழைத்தால்தான் போவோம். இங்கே ஒரு கடிதத்துக்குக் கட்டுப்பட்டுப் போய் மோவாயை இயந்திரத்தில் வைத்தேன். படம் எடுத்த பெண் திரையைப் பார்த்து, "லவ்லி, டக்" என்றாள். டக் என்றால் வாத்து; இந்த ஊரில் பிரியமாகக் கூப்பிடுவது அப்படித்தான். அவளே லவ்லி என்றுவிட்டாள், கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வந்துவிட்டேன். நான் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறவள். டிக்கெட் கொடுத்தாலும் லவ்லி, கதவைத் திறந்தாலும் லவ்லி என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். அப்படியும் ஏமாந்தேன். கொஞ்ச நாளில் வந்த கடிதம், இரண்டு கண்ணிலும் கோளாறு, தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வா என்றது.

எனக்கு வந்ததே கோபம்! மங்கல் இல்லை, எரிச்சல் இல்லை, எட்டத்துச் சிக்னல் பளிச்சென்று தெரிகிறது. கண் போனால் ஸ்டியரிங் போகும். ஸ்டியரிங் போனால் இந்த ஊரில் நான் யார்? அண்ணன் மகள் கல்யாணத்துக்காகக் கடலூர் போவதற்கு ஏற்கெனவே விமான டிக்கெட் போட்டிருந்தேன். மருத்துவமனைத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, நம் ஊர் டாக்டர் ஒருவர் வாயால் 'ஒன்றுமில்லை' என்று கேட்டுவிடும் வைராக்கியத்தோடு கிளம்பினேன்.

முதல் பரிசோதனையை என் அண்ணன் ஏழுமலையே நடத்தினார். மீன்பிடிக்கிறவர். காலையில் என்னைக் கரைக்கு இழுத்துப் போய்க் கடலில் தூரத்தில் வரும் படகைக் காட்டினார்.

"அதோ வருது பாரு, யார் போட்டு அது?"

எங்கள் குப்பத்தில் நல்ல கண்ணுக்கு அதுதான் அத்தாட்சி. புருவத்தில் கையை வைத்துப் பார்த்தேன். "முன்னால மஞ்ச பெயின்ட். உன் மச்சானோட போட்டுதானே?"

"அப்புறம் என்னா? உனுக்குக் கண்ணு சரியில்லன்னு சொன்னவனுக்குத்தான் கண்ணு சரியில்ல. சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா நல்லா பாக்கறாங்களாம். வேலமெனக்கெட்ட வேல. ஆனா உன் ஆசையைக் கெடுப்பானேன், வா போலாம்."

தனியார் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அடேயப்பா! ஒரு கை ஹாரனில், எதிரே லாரி, ஓரத்தில் ஆடு, நடுவில் சைக்கிள். ஒன்றின்மீதும் உரசாமல் அந்த மனிதர் வெள்ளாற்றுப் பாலம் வரை பறந்தார். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் கால்தான் வலித்தது.

சிதம்பரத்தில் சொட்டு மருந்து விட்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். லெஸ்டரில் இதே மருந்தோடு ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இங்கே கண்ணைத்தான் மூடினார்கள், வாயை யாரும் மூடவில்லை.

"எந்த ஊரும்மா?" என்றது பக்கத்துக் குரல்.

"லெஸ்டர்ங்க."

"அது எங்க, காடாம்புலியூர் தாண்டியா?"

"இன்னும் கொஞ்சம் தாண்டி" என்றேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது.

மருந்து விடுவதற்கு முன்பே, டாக்டரம்மா வைத்த எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை கடகடவென்று படித்திருந்தேன். அண்ணனும் பெருமையாகச் செருமியிருந்தார். இப்போது படம் எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினார் டாக்டர். அம்மாடி! பழுத்த பப்பாளி நிறத்தில் ஒரு வட்டம். அதில் மஞ்சளாக ஒரு சின்ன நிலா. அந்த நிலாவிலிருந்து சிவப்பு ஆறுகள் புறப்பட்டு, வாய்க்காலாகப் பிரிந்து, மயிரிழையாய் மறைந்தன. ஐம்பது வருஷமாக இதை வைத்துத்தான் கடலையும் ரோட்டையும் பார்த்திருக்கிறேன். இதை ஒரு நாளும் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"உங்க லெஸ்டர் கடுதாசில எழுதியிருக்கறதும் நான் பாக்கறதும் ஒண்ணுதாம்மா. இங்க பாருங்க, புதுசா ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. பலமே இல்லாதது. ஒடைஞ்சி ரத்தம் கசிஞ்சா கண்ணு முன்னால திரை விழுந்துடும்."

"எல்லாம் நல்லா தெரியுதே டாக்டர்!"

"ஒடையற வரைக்கும் நல்லாத்தான் தெரியும்."

"பஸ் ஓட்டிக்கினு இருக்கும்போது ஒடைஞ்சா?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. என் முதுகுக்குப் பின்னால் தினமும் எத்தனை பேர்! ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர், இரண்டு தேசத்தில் உட்கார்ந்து, என் கண்ணுக்குள் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள். அந்த இயந்திரத்தையும், அதைச் செய்த மூளையையும் நினைத்து மலைத்துப்போனேன். அங்கேயே அழுதும் விட்டேன்.

"வலது கண்ணு தள்ளிப்போட முடியாது, இப்பவே லேசர் வச்சிடுவோம். இடது கண்ணு கொஞ்சம் பொறுக்கும், அங்க போன உடனே பண்ணிக்குங்க" என்றார். பச்சை மின்னல் மாதிரி ஒளி பளீர் பளீர் என்று விழுந்து முடிந்தது. வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டியது. அண்ணன் என் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தார்.

"நான் போட்ட வச்சு பாத்தேன். அவுங்க உள்ளயே போயி பாத்துட்டாங்களே!" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "எனக்கும் ஒரு தபா காட்டிக்கலாமா?" என்றார்.

கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிறேன்.

லெஸ்டரில் இடது கண்ணுக்கு லேசர் வைத்த டாக்டர், முதலில் வலது கண்ணுக்குள் பார்த்து "லவ்லி" என்றார். நான் விடவில்லை; லவ்லி என்றால் என்ன, விளக்கமாகச் சொல்லுங்கள் என்றேன். மனிதர் திகைத்துப்போய், இதைச் செய்தவர் வேலை அத்தனை கச்சிதம் என்றார். எந்த ஊர் என்று கேட்டு, சிதம்பரம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துத் தோற்றார். பிறகு பார்வைச் சோதனைகள் வைத்து, வண்டி ஓட்டலாம் என்று சொன்னார்கள்.

இப்போதெல்லாம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது இடது கண்ணை மூடுகிறேன். சிதம்பரத்துக் கண்ணில் ரோடு தெரிகிறது. வலதை மூடுகிறேன், லெஸ்டர் கண்ணிலும் அதே ரோடு. "ஆல் ரைட், டக்?" என்று பின்னாலிருந்து ஒரு பயணி கேட்கிறார். ஒற்றைக் கண்ணோடு பஸ் ஓட்ட இந்த நாட்டுச் சட்டம் விடாது. பச்சை விழுகிறது, இரண்டையும் திறந்துகொண்டு கிளம்புகிறேன்.