பட்டனக்கா சொல்லாத பேர்

பட்டனக்காவின் ஃபோனில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஆல்ட்ரேஷன் கடை வைத்திருப்பவளுக்கு ஆளின் பேர் எதற்கு? உடம்புதான் நினைவில் நிற்க வேண்டும். வலத்தோள் இறக்கம் என்று ஒருவர், கழுத்தே இல்லாத சார் என்று ஒருவர், நெட்டைக்கால் டீச்சர், முன்தொப்பை டபுள். அழைப்பு வந்ததும் திரையில் அந்தப் பேர் தெரியும். எடுத்துக் காதில் வைப்பதற்குள் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது கைக்கு வந்துவிடும். அவளையும் யாரும் பேர் சொல்லி அழைத்ததில்லை. என்ன துணி வந்தாலும் அறுந்த பட்டனைக் காசு வாங்காமல் தைத்துத் தருவாள். அதனால் பட்டனக்கா.

கடையில் பாதி அவளுடையது, மறுபாதி இஸ்திரிக்காரருடையது. நடுவில் ஒரு துணித்திரை. அளவெடுக்கும்போது அதை இழுத்துவிடுவாள்.

"எனக்கு என்ன பேர் போட்டு வெச்சிருக்கே?" என்று அவர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"அடுப்புக்கரி."

"பரவாயில்ல. வீட்டுல வெச்சிருக்கற பேருக்கு இது எவ்வளவோ மேல்."

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் பார்த்து, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினின் மோட்டார் புகைந்து போனது. சீருடைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. வங்கியில் கேட்கிற காகிதமெல்லாம் சேர்ப்பதற்குள் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்கே போய்விடும். ஃபோனில் ஒரு விளம்பரம் வந்தது: உடனே பணம், யார் ஜாமீனும் வேண்டாம். தொட்டாள். நீளமாக ஏதோ எழுதியிருந்தது, அடியில் 'சம்மதம்' என்று பச்சையாக ஒரு கட்டம். கையில் பாதி தைத்த பாவாடை இருந்தது. படிக்காமல் அழுத்தினாள்.

கேட்டது எட்டாயிரம். இந்தக் கட்டணம் அந்தக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு கைக்கு வந்தது ஐந்து. ஒரு வாரத்தில் எட்டாகத் திருப்பிக் கட்டினாள். ஒரு நாள் பிந்திவிட்டது என்று மேலே போட்டார்கள், அதையும் கட்டினாள். கட்டக் கட்ட வளர்ந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

பிறகு அந்தக் குரல் வந்தது. மிரட்டுகிற குரல் இல்லை. இளசான, பணிவான குரல்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் தம்பி." வாய் தவறி அப்படித்தான் வந்தது. யாராக இருந்தாலும் தம்பி என்றே பேசிப் பழகிய வாய்.

"நல்லது. எப்போ கட்டறீங்க? சரி, அதை விடுங்க. முன்தொப்பை டபுள்னா யாருக்கா?"

கத்தரி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை முன்தொப்பை டபுள் கடைக்கு வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. வாய்விட்டுச் சிரித்துப் பேசுகிற மனிதர். அன்றைக்குப் பேசவில்லை, ஃபோனை நீட்டினார். 'வணக்கம், முன்தொப்பை டபுள். உங்கள் எண்ணை இந்தப் பேரில் வைத்திருக்கும் தையல்காரி எங்கள் பணத்தைத் தின்றவள். அவளிடம் சொல்லி வையுங்கள்.'

"இத்தனை வருஷமா உன்கிட்டதானே துணி குடுத்தேன்?" என்றார். "நான் அங்கிட்டுத் திரும்பினதும் இதைத்தான் எழுதினியா?"

"சார், அது கேலிக்கு இல்ல சார். மடிப்பு ரெண்டு விடணும்னு ஞாபகத்துக்கு..."

அவர் ஒரு கால் மடித்து ஒரு கால் மடிக்காத பேண்ட்டை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். திரைக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு இரும்புப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பட்டனக்காவுக்கு அவமானம் உறைக்கவே நேரமில்லை. அவள் வேறொரு பேரை நினைத்துவிட்டாள்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள் ஒருத்தி உண்டு. போன வருஷம் ஆபரேஷன். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் அடுத்து அதைப் பார்த்தது பட்டனக்காதான். சட்டைக்கு உள்ளே சின்னதாக ஒரு பை தைத்து, பஞ்சடைத்து, வலது பக்கத்துக்குச் சரியாக வரும்வரை குறைத்துக் கூட்டிக் கொடுப்பாள். அந்த அம்மாள் வந்தால் திரையை இழுத்துவிடுவதோடு இஸ்திரிக்காரரையும் டீ குடிக்க அனுப்பிவிடுவாள். ஃபோனில் அந்த அம்மாளுக்கு அவள் வைத்திருந்த பேர்: இடப்பக்கம் பஞ்சு.

அந்த வாரம்தான் நுகர்வோர் சங்கத்து வக்கீல் வந்தாள். சின்ன வயசு. முன்தொப்பை டபுளின் ஆபீசில் கதை பரவி, அங்கிருந்து சங்கத்துக்குப் போயிருந்தது.

"அம்மா, புதுச் சட்டம் வரப்போகுது. கடன் குடுக்கறவங்க உங்க ஃபோன்ல இருக்கற மத்தவங்க விவரத்தைத் தொடவே கூடாதுன்னு ஒரு பிரிவு இருக்கு. கம்பெனிக்காரங்க அதுல ஒரு வரி சேர்க்கச் சொல்றாங்க. 'சம்மதம் இருந்தால் தொடலாம்'னு. அந்த வரி வந்துச்சுன்னா சட்டமே ஓட்டைப் பானை. சட்டசபைக் குழு முன்னாடி நீங்க வந்து பேசணும்."

"நாலு பேர் பாத்தா எனக்கு வர்ற தும்மலே நின்னுடும்மா. என்னைப் போய்..."

"உங்களை மாதிரி எண்பது பேர்கிட்ட பேசியாச்சு. எல்லாரும் பயப்படறாங்க."

"நான் மட்டும் என்ன, பயப்படாமயா உக்காந்திருக்கேன்?"

ஆனாலும் சரி என்றாள். அந்த வரி வந்தால் அந்தப் பேர் என்றைக்கும் அவர்கள் கையில்தான் இருக்கும் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

பேசப் போகிறவர்களின் பட்டியலை வெளியிட்டார்கள். அன்றைக்கே அழைப்பு வந்தது.

"பெரிய ஆளாயிட்டீங்க அக்கா. சட்டசபைக்கே போறீங்களாமே?" குரலில் உண்மையான சந்தோஷம் போல ஏதோ இருந்தது. "போக வேண்டாங்க்கா. போனீங்கன்னா அன்னிக்கு எல்லாருக்கும் அவங்கவங்க பேர் போய்ச் சேந்துடும். நெட்டைக்கால் டீச்சர், கழுத்தே இல்லாத சார்... இது என்னக்கா, இடப்பக்கம் பஞ்சு? மெத்தைக் கடையா?"

"தம்பி, அது வேண்டாம் தம்பி. அது மட்டும் வேண்டாம்."

அந்தப் பக்கம் எதையோ தட்டிக் குறிக்கிற சத்தம் கேட்டது.

"ஓ," என்றது குரல். "அப்போ இதுதானா?"

ஃபோனைக் கீழே வைத்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. நூறு பேர்களில் எது வலிக்கும் என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு அவளே விரலால் தொட்டுக் காட்டிவிட்டாள்.

ரயில் நிலையத்துக்குப் போனாள். வரிசையில் நின்றாள். கண்ணாடித் தடுப்பில் கையளவு ஓட்டை. அந்த அம்மாள் தலை நிமிராமல், "எங்க?" என்றாள்.

"நான்தாம்மா."

"தெரியுது. எங்க போகணும்?"

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அந்த ஓட்டை வழியாகச் சொல்லக்கூடிய செய்தியா அது? பட்டனக்கா வாயில் வந்த ஏதோ ஓர் ஊருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். இடைவேளையில் அந்த அம்மாள் தானாக வெளியே வந்தாள்.

"உனக்கு அந்த ஊர்ல யார் இருக்கா? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கு?"

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி, பேசப் போகட்டுமா என்று கேட்டாள். ஒரு ரயில் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"எனக்கு என்ன பேர் வெச்சிருக்கே?"

பட்டனக்கா ஃபோனை நீட்டினாள். அந்த அம்மாள் பார்த்தாள். கை தானாகப் போய்க் கைப்பையை இடப்பக்கம் அணைத்துக்கொண்டது.

"அழி."

அங்கேயே அழித்தாள். "என் ஃபோன்லேருந்துதாம்மா போச்சு. அவங்ககிட்ட இருக்கறது..."

"என் மருமகளுக்குக்கூடத் தெரியாது. இந்த ஆபீஸ்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது." மூச்சு விட்டாள். "நீ போகாம இருந்தா அவன் அனுப்ப மாட்டானா?"

"தெரியலம்மா."

"போனா அனுப்பிடுவானா?"

"தெரியலம்மா."

"அப்போ எதுக்கு என்கிட்ட வந்து கேக்கறே? எப்படியும் என் தூக்கம் போச்சு." எழுந்து நின்றாள். "போ. போய்ப் பேசு. ஆனா என்னைப் பத்தி ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வந்துச்சுன்னா..." முடிக்காமல் கவுண்டருக்குள் போய்விட்டாள்.

குழு கூடிய அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. நீள மேசை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மூலையில் ஒரு கேமரா, நேரலையாம். கம்பெனித் தரப்பில் ஒருவர் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். காலர் கழுத்தில் ஒட்டாமல் எம்பி நின்றது. அந்த நடுக்கத்திலும் அதைப் பிடித்துத் தைத்துவிட அவள் கை அரித்தது. மடியிலிருந்த ஃபோனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, 'சம்மதம்'னு அழுத்தினது நீங்கதானே?" என்றார் கோட்டுக்காரர், மரியாதையாக.

"நான்தான் சார்."

"யாரும் கையைப் பிடிச்சு அழுத்தலையே?"

"இல்ல சார். என் சம்மதம் என்னோட. என்கிட்ட துணி குடுத்தவங்க சம்மதத்தை நான் எப்படி சார்..." தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்க வரவில்லை.

தலைவர் இரக்கமாகக் குனிந்தார். "ஒண்ணும் அவசரமில்லம்மா. அப்படி என்ன பேரு வெச்சிருந்தீங்க? பதிவுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க."

"முன்தொப்பை டபுள்" என்றாள்.

அறை சிரித்தது. கேமராக்காரன் சிரித்தான். மேசைக் கடைசியில் இருந்த உறுப்பினர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நல்லவேளை, நான் இந்தம்மாகிட்ட தைக்கக் குடுக்கல" என்றார். மறுபடியும் சிரிப்பு. தலைவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் சங்கடம்தான். இருந்தாலும், இதுக்குப் போய்ச் சட்டத்துல ஒரு பிரிவு..."

வக்கீலின் முகம் இறங்கிப் போனது. அந்தச் சிரிப்பை நிறுத்த இரண்டே வார்த்தை போதும் என்று பட்டனக்காவுக்குத் தெரியும். இரண்டும் நாக்கு நுனியில் இருந்தன. கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தொடையில் ஃபோன் அதிர்ந்தது.

"இன்னொரு பேர் இருக்கு சார்," என்றாள். குரல் கிழிந்துதான் வந்தது. "அது கேட்டா யாரும் சிரிக்க மாட்டீங்க. ஆனா சொல்ல மாட்டேன். சொன்னேன்னா நானும் அவங்களும் ஒண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. கோட்டுக்காரர் எம்பி நின்ற காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். தலைவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவளைப் பார்த்துவிட்டு, கேட்காமல், "உக்காருங்கம்மா" என்றார்.

வெளியே வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஃபோனைத் திருப்பினாள். ஒரே ஒரு செய்தி. 'நல்லாப் பேசினீங்க அக்கா. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.'

அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவே இல்லை. யாருக்கும் எதுவும் போகவில்லை. ஏன் போகவில்லை என்றும் தெரியவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

சில மாதம் கழித்துச் சட்டம் வந்தது. 'சம்மதம் இருந்தால்' என்ற வரி அதில் இல்லை. வக்கீல் ஃபோனில் குதிக்காத குறையாகச் சொன்னாள். முன்பே எடுத்த விவரங்களை அழித்துவிட வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறதாம்.

"அழிச்சாங்களான்னு யாரும்மா பாப்பாங்க?" என்று பட்டனக்கா கேட்டாள்.

"அதுக்குத்தான் அடுத்து எழுதிக் குடுத்துட்டிருக்கோம்" என்றாள் வக்கீல், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

கம்பெனியிலிருந்தும் ஒரு வரி வந்தது: உங்கள் விவரங்கள் நீக்கப்பட்டன. இஸ்திரிக்காரரிடம் காட்டினாள். "பல்லைப் புடுங்கிட்டேன்னு பாம்புதான் கடிதாசி போட்டிருக்கா?" என்றார் அவர்.

இப்போது அவள் ஃபோனில் எண்கள் மட்டும்தான். யார் அழைத்தாலும் முதலில் யாரென்றே தெரியாது; தடவித் தடவித்தான் பேசுகிறாள். கடையில் யாருடைய ஃபோனாவது மணியடித்தால் அளவு நாடா கையிலிருந்து நழுவுகிறது.

டிக்கெட் கொடுக்கும் அம்மாள் வராமலே இருந்தாள். மழை பிடித்த ஒரு சாயங்காலம் வந்தாள், கையில் புதுத் துணியோடு. அவளைப் பார்த்ததும் இஸ்திரிக்காரர், யாரும் சொல்லாமலே, டீ குடிக்கக் கிளம்பினார். பட்டனக்கா திரையை இழுத்துவிட்டாள்.

அந்த அம்மாள் தன் ஃபோனை எடுத்து, அதன் முகப்பு மேலே தெரிகிற மாதிரி, மெஷின் பலகையில் வைத்தாள். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஏதாவது வந்துச்சாம்மா?"

"இன்னும் இல்ல." சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினாள். "சீக்கிரம் அளவு எடு. அது அடிக்கறதுக்குள்ள."