கண்ணில் படாத தட்டுக்கட்டு

போன வருடம் மாசி மாதம் எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் நடந்தது இது. அன்றைக்கு ஒரு பொய் சொல்வதற்காகத்தான் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாமக்கல் பக்கம் நான் லாரி டிரைவர். லாரியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால் எவ்வளவு மிதித்தாலும் எண்பதைத் தாண்டாது. அந்த ஆத்திரத்தையெல்லாம் சொந்தக் காரில் தீர்த்துக்கொள்வேன். கார் மனைவி பெயரில் இருக்கிறது. எனக்கு ஏழரைச் சனி நடப்பதால் வண்டியை அவள் ராசிக்கு எடுக்கச் சொன்னார் ஜோசியர்.

சேலம் ரோட்டில் வேகமாகப் போனதாக இரண்டு முறை கேமராவில் சிக்கி, சலான் வந்தது. போனிலேயே அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துபோனேன். மூன்றாவது தடவை சலானோடு ஒரு நோட்டீசும் வந்தது. அன்று வண்டி ஓட்டியவர் லைசன்சோடு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். இப்படித் திரும்பத் திரும்பச் சிக்கினால் லைசன்சை முடக்கிவிடுவார்கள். என் லைசன்சை முடக்கினால் லாரி ஓட்ட முடியாது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த லைசன்சால்தான்.

மனைவிக்கும் கார் லைசன்ஸ் உண்டு. கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் தவிர ஓட்ட மாட்டாள்.

"நீ ஓட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு அம்மிணி. உன்ற லைசன்ச முடக்குனா நமக்கு என்ன நட்டம்?" என்றேன்.

அரைமனதாகத் தலையாட்டினாள். உண்மையில் அந்த நாள் அவள் காரிலேயே இல்லை. மச்சினன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாளே சேலம் போயிருந்தாள். நேரமாகிவிட்டதென்று நான் மட்டும் தனியாகப் பறந்துகொண்டு போனேன்.

ஆபீசில் இருந்த அதிகாரி ஒரு பெண். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கேமரா எடுத்த படம். கண்ணாடியில் வெயில் அடித்து, ஓட்டியவர் முகம் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"காரைப் பாக்காதீங்க. காருக்கு இடது பக்கம் பாருங்க" என்றார் அவர்.

பார்த்தேன். ஒரு பெண், தலையில் சோளத்தட்டுக் கட்டு. மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோகிறார் போலிருக்கிறது. தட்டு இரண்டு பக்கமும் தொங்கி முகத்தை மறைத்திருந்தது. கார் வருவது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஒரு கால் தார் ரோட்டில் இருந்தது. அந்தக் காலுக்கும் என் கார் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும், ராசிபுரம் பிரிவுக்குச் சற்று முன்னால். ஆனால் அங்கே அப்படி ஒருவர் நின்றது என் நினைவிலேயே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

மனைவி மெல்லக் கேட்டாள். "ஏனுங்க, இந்தம்மாவ நீங்க பாத்தீங்களா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "நான் ஓட்டலைங்க மேடம். இவருதானுங்க ஓட்டுனாரு. ஒரு உசுரு பக்கத்துல இப்புடிப் போனத நான் பண்ணுனேன்னு சொல்ல என்னால முடியாதுங்க."

அவள்மேல் கோபம் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து என் லைசன்சை எடுத்து மேசைமேல் வைத்தேன். கை தவறி அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

மூன்று மாதம் முடக்கினார்கள். லாரியை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கஷ்டமல்ல. இடித்திருந்தால்கூட யாரை இடித்தோம் என்று தெரிந்திருக்கும். எனக்கோ அப்படி ஒருவர் அங்கே இருந்ததே தெரியாது.

இத்தனை வருடம் நான் யாரையும் இடிக்காததற்குக் காரணம் என் கைத்திறமை என்று நினைத்திருந்தேன். என் கண்ணில் படாமலே பிழைத்துப்போனவர்கள் இன்னும் எத்தனை பேரோ என்ற பயம்தான், இப்போதும் ஆக்சிலேட்டரிலிருந்து என் காலை எடுக்க வைக்கிறது.