தலைகீழாக வைத்த சங்கு

தூத்துக்குடியில் கல் பொறுக்கும் பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் இருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் பிடித்து, சேர்த்துவைத்ததையெல்லாம் பரப்பி ஊராருக்குக் காட்டுவோம். ஸ்படிகம், தேரி என்னும் செம்மணல் மேட்டில் பொறுக்கிய கார்னெட் சிவப்புக்கல், கல்லாய்ப்போன மரம், மீன் பல். விற்பனை கிடையாது. வருகிறவர் கையில் ஒரு சோழி கொடுப்போம். பிடித்த பொருளின் முன்னால் உள்ள கிண்ணத்தில் அதைப் போடவேண்டும். எந்தக் கிண்ணத்தில் சோழி அதிகமோ அதுதான் அந்த ஆண்டின் ராஜா.

நான் துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். பொருள்களின் பெயர் அட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலை. போன ஆண்டு அதில்தான் தவறினேன்.

ஆறுமுகநேரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெண் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். வீட்டுக்குக் கிணறு தோண்டியபோது கிடைத்த சங்கைக் கொண்டுவந்தார். வயிற்றுக்குள் மணல் இறுகிக் கல்லாகிவிட்ட, கனமான சங்கு. அட்டையில் ‘வலம்புரி’ என்று எழுதியிருந்தார். நான் என் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் உள்ளபடி சுருள் முனையை மேலே வைத்தால் வாய் இடப்பக்கம் இருந்தது. அடித்துவிட்டு ‘இடம்புரி’ என்று எழுதினேன்.

“என்ன அண்ணாச்சி சொல்லுதீய? வலம்புரிலா இது?”

“புத்தகத்துல இப்படித்தாம்மா போட்டிருக்கு.”

“புத்தகம் போட்டவரு எந்தூரு?”

பக்கத்தில் நின்ற அவர் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சங்கைப் புத்தகத்தில் உள்ளபடியே நிறுத்திக் கண்ணாடிப் பெட்டியால் மூடினேன்.

இந்தக் கடற்கரையில் இடம்புரியைப் பார்க்க யார் நிற்பார்கள்? கடலில் கிடைப்பதெல்லாம் அதுதானே. சனங்கள் அட்டையைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்கள். அங்கே நான் அரியலூர்ப் பக்கம் எடுத்த அம்மோனைட் என்ற கல்லாய்ப்போன கடற்சிப்பி, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் சுருண்டு கிடந்தது. என் கிண்ணம் நிறைந்துகொண்டே வந்தது. அவர் கிண்ணத்தில் கணவர் போட்ட சோழி மட்டும் கிடந்தது.

மதியம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்காகப் போட்டோ எடுத்தேன். சங்கின் படம் போனில் தலைகீழாக விழுந்தது. திருப்பப் போன விரல் நின்றுவிட்டது. சுருள் முனை கீழே, நீர் வார்க்கும் மூக்கு மேலே. நம் ஊரில் சங்கைப் பிடித்துப் பார்ப்பதே அப்படித்தான். வாய் வலப்பக்கம் இருந்தது. புத்தகக்காரர்கள் இடது என்பதைத்தான் நாம் வலம் என்கிறோம். ஆயுளில் ஒருமுறை கண்ணில் படுவதே அதிர்ஷ்டம் என்று சொல்லப்படும் வலம்புரி, அதுவும் கல்லாய்ப்போனது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். என் கிண்ணம் நிறைந்துகொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. எதிர் இலையில் யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாம்பார் வந்தது, ரசம் வந்தது. பாயசத்தைக் குடிக்காமலே எழுந்தேன்.

கை கழுவிவிட்டு மைக்கை வாங்கினேன். “அந்தச் சங்கு வலம்புரி. இடம்புரி என்று எழுதியது என் தவறு” என்றேன்.

மண்டபமே அந்த மேசைக்குத் திரும்பியது. கடைக்கார அம்மா பெட்டியைத் திறந்து, சங்கைச் சரியாகப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். ஏற்கெனவே சோழி போட்டவர்கள் என் கிண்ணத்துக்குள் கையை விட்டார்கள்.

“கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி, என் சோழிய எடுத்துக்கிடுதேன்” என்றான் ஓர் இளைஞன்.

“உன் சோழி எதுன்னு எப்படிலே தெரியும்?” என்றார் அவனுடன் வந்தவர்.

“என்னது மட்டும் பல்லக் காட்டிச் சிரிக்கும்லா.”

என் மனைவியும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் நானே ஒரு கை அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டேன். அந்த அம்மாவின் கிண்ணம் வழிந்தது. நான் அவ்வளவு சிரித்துக்கொண்டே தோற்றது வேறெப்போதும் இல்லை.

ஆனால் மைக்கில் தவறை மட்டும்தான் சொன்னேன். தெரிந்தபின் பந்தியில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை. அது உறுத்தவே, மறுநாள் பஸ் ஏறி அவர் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“தெரியும் அண்ணாச்சி. போட்டோவப் பாத்து நீங்க முழிச்சத நான் பாத்தேம்லா. எப்பச் சொல்லுவீயன்னுதான் காத்துக் கெடந்தேன்.”

“சொல்லாமலே போயிருந்தா?”

“உங்க எலைக்கு எதுத்த எலைல வந்து உக்காந்து, பாயசத்தக் குடிக்கவிடாமப் பாத்துக்கிட்டே இருந்தது யாருன்னு நெனச்சீய?”